குழி நிறைஞ்சா என்ன பண்றது? கழிப்பறை, உரம், வருமானம் பத்தி கேள்வி பதில்

சாக்கடை லைன் இல்லாத ஊர்ல வீட்டுக்கு வீடு கழிவ எப்படி சமாளிக்கிறதுன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. நான் கொத்தனார் வேலை பாத்து, இப்போ மத்தவங்களுக்கு குழிக் கழிப்பறை கட்ட கத்துக்குடுக்கிறேன். ஒவ்வொண்ணா வரேன்.

அக்கா, குறைஞ்ச செலவுல செப்டிக் டேங்க்கா, இரட்டைக் குழியா?

தண்ணி ஊத்துற பழக்கம் இருக்கு, மண்ணு தண்ணிய உறிஞ்சும், நிலத்தடி நீர் நல்லா கீழ இருக்குன்னா இரட்டைக் குழிதான். 1 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம், அஞ்சு பேர் வீட்டுக்கு ஒரு குழி சுமார் 3 வருஷம் தாங்கும், நிறைஞ்சா அடுத்ததுக்கு மாத்திட்டு பழச மூடி வச்சிடணும். செப்டிக் டேங்க்ன்னா உறிஞ்ச லாரி வேணும், லாரி நுழையாத ஊர்ல அத கட்டிட்டு கடைசில ஓடையில திறந்துவிடுறாங்க, பாக்கவே வயிறு எரியுது.

கட்டும்போது ஒண்ணு கவனிங்க. கழிப்பறை பேசின்ல இருந்து வர்ற குழாய் சேம்பர்ல, அதாவது நடுவுல இருக்கிற சின்னத் தொட்டில, ரெண்டு குழிக்கும் ரெண்டா பிரியும்ல, அதுல ஒரு வாய அடைச்சே ஆகணும். நான் திறந்து பாத்த ஒரு வீட்டுல ரெண்டு வாயும் திறந்தே கிடந்துச்சு, ரெண்டு குழியும் ஒரே நேரத்துல நிறைஞ்சு, எதையும் அள்ள முடியாம அந்தம்மா தலையில கைய வச்சு உக்காந்துட்டாங்க. அப்புறம், குழி அடியில கான்கிரீட் போடாதீங்க, பக்கச் சுவர்ல சந்து விட்டு கட்டுங்க, தண்ணி மண்ணுக்குள்ள இறங்கணும்.

அதை கையால அள்ளணுமா? நினைச்சாலே ஒரு மாதிரி இருக்கு.

எனக்கும் முதல் தடவ அப்படித்தான். ரெண்டு வருஷம் மூடிக் கிடந்த குழி அது, மண்வெட்டிய போட்டா பொலபொலன்னு கருப்பு மண்ணு, மழை பேஞ்ச தோட்டத்து வாசனை, அவ்ளோதான். ஆனா காலம் முக்கியம், மலத்தோட வர்ற குடல் நாக்குப்பூச்சி முட்டை சுலபத்துல சாகாது, அதனால அவசரப்பட்டு ஆறு மாசத்துல திறக்கவே திறக்காதீங்க. கையுறை, பூட்ஸ் கட்டாயம். குழிக்குள்ள தண்ணி ஊறி ஈரமாவே இருந்தா இன்னும் தள்ளிப்போடுங்க.

எங்க ஊர்ல தோண்டினா மூணடியில தண்ணி சார், என்ன வழி?

அக்கான்னே கூப்பிடுங்க. அங்க குழி வேணாம், கிணத்து தண்ணி கெட்டுடும். தரைக்கு மேல அறை கட்டி, சிறுநீரும் மலமும் தனித்தனியா போற உலர் கழிப்பறை வைங்க. ஒவ்வொரு தடவையும் சாம்பல் தூவணும், கழுவுற தண்ணி உள்ள போகக் கூடாது. வீட்ல எல்லாரும் பழகலைன்னா ஒரே மாசத்துல நாறிடும், அத முன்னாடியே சொல்லிடுறேன்.

சிறுநீர் நிஜமாவே உரமா?

ஆமா. ஒருத்தர் வருஷத்துக்கு சுமார் 500 லிட்டர், பயிருக்கு வேண்டிய சத்தான நைட்ரஜன் உடம்புல இருந்து வெளிய போறதுல பெரும்பங்கு அதுலதான். சொந்த வீட்டு சிறுநீர சொந்த தோட்டத்துக்கு விட்டா, அறுவடைக்கு ஒரு மாசம் முன்னாடியே நிறுத்திடுங்க, பல வீட்டுது கலந்ததுன்னா கேன்ல இறுக்க மூடி 6 மாசம் வைக்கணும், இது உலக சுகாதார நிறுவனம் 2006ல சொன்ன வழி. மூடி சரியில்லன்னா சத்து அம்மோனியாவா பறந்துடும். வேர்ல நேரா ஊத்தாம தண்ணி கலந்து தள்ளி ஊத்துங்க.

இந்த உரத்த வித்து சம்பாதிக்கலாமா அக்கா? பசங்க நாலு பேர் ரெடியா இருக்கோம்.

உரத்த மட்டும் நம்பி இறங்காதீங்கப்பா. ஒருத்தரோட மலம் வருஷத்துக்கு 50 லிட்டர் கிட்டதான், மக்கி காஞ்சா அதுவும் சுருங்கிடும், அத சேத்து ஏத்தி இறக்குற கூலியே மிச்சத்த தின்னுடும். காசு சேவையிலதான் இருக்கு: குழிக்கு இறக்குற சிமெண்ட் உறை (வளையம்) வார்க்கிறது, கழிப்பறை கட்டுறது, அடைப்பு எடுக்கிறது, குழி மாத்திவிடுறது, வருஷ ஒப்பந்தத்துல காலி பண்றது. உரம் மேல்வரும்படி. அச்சு நாலு செட் இருந்தா உறை வேலைய ஆரம்பிச்சிடலாம், வீட்டுப் பெண்கள் இதுல நல்லா தேறி வர்றத நானே பாத்திருக்கேன்.

செப்டிக் டேங்க் வேலை வந்தா, எவ்ளோ காசு குடுத்தாலும் உள்ள இறங்காதீங்க. உள்ள சேர்ற விஷவாயு ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிகமானா நாத்தமே தெரியாது, மூக்கு மரத்துடும், ஒருத்தர காப்பாத்த இறங்கின இன்னொருத்தரும் போயிடுறார்.

மலத்துல கேஸ் எடுத்து சமைக்கலாமா?

அஞ்சு பேரோடது மட்டும்னா அடுப்பு அரைமணி எரிஞ்சாலே பெருசு. மாட்டுச் சாணம் கலந்தாதான் கட்டுப்படியாகும், வெளிய வர்ற கரைசல்லயும் கிருமி மிச்சம் இருக்கும், அப்படியே கீரைக்கு விடாதீங்க.