கேள்வி – பதில்: காலில் பந்து இல்லாத நேரத்து உழைப்பு

முகவரி தெரியாத இடத்திலிருந்து உழைப்பால் மேலே வந்த கால்பந்து முன்கள வீரர்களைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கேள்விகள் பல. ஒரே பொருளைத் தொட்டவற்றை இணைத்து இங்கே பதில் தந்திருக்கிறேன்.

கேள்வி: பெரும் விலை கொடுத்து வாங்கப்பட்ட நட்சத்திரங்கள் எத்தனையோ பேர் இருக்க, இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டி கிளப்புக்கு ஆடிய ஜேமி வார்டி போன்ற ஒருவர்மீது ரசிகர்கள் இவ்வளவு பாசம் வைப்பது ஏன்? எளிய நிலையிலிருந்து வந்தவர் என்ற இரக்கம்தானே?

பதில்: இரக்கம் ஒரு சீசனுக்கு மேல் தாங்காது. தொடர்ந்து மூன்று ஆட்டங்களில் கிடைத்த வாய்ப்புகளை வீணடித்தால், எவ்வளவு உருக்கமான முன்கதை இருந்தாலும் சொந்த ரசிகர்களே கூச்சலிடத் தொடங்கிவிடுவார்கள். வார்டியின் முன்கதை உருக்கமானதுதான். 1987இல் பிறந்த அவரை, உடல்வாகு சிறியது என்று சொல்லி ஷெஃபீல்டு வெட்னஸ்டே கிளப் பதினாறாம் வயதில் வெளியே அனுப்பியது. அதன்பின் ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் பார்க் ஸ்டீல்ஸ் என்ற சிறு கிளப்பில் வாரம் 30 பவுண்டு சம்பளத்துக்கு ஆடிக்கொண்டே, உடலுறுப்புகளுக்கு ஆதாரமாகப் பொருத்தும் மருத்துவத் தாங்கிகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். 2010இல் ஹாலிஃபாக்ஸ் டவுன், 2011இல் ஃப்ளீட்வுட் டவுன் என்று ஒவ்வொரு படியாக ஏறி, ஃப்ளீட்வுட்டில் ஒரே சீசனில் 31 லீக் கோல்கள் அடித்த பிறகு, 2012இல் லெஸ்டர் சிட்டி அவரைப் பத்து லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. தொழில்முறை லீக்குகளுக்கு வெளியே இருந்த ஒரு கிளப்பின் வீரருக்கு அதுவரை யாரும் அவ்வளவு தொகை கொடுத்ததில்லை. அப்போது அவருக்கு வயது 25.

லெஸ்டரில் முதல் சீசன் படுமோசம். கால்பந்தையே விட்டுவிடலாமா என்று அவர் யோசிக்கும் அளவுக்குப் போனது. பயிற்சியாளர் நைஜல் பியர்சனும் அவருடைய உதவியாளர் கிரெய்க் ஷேக்ஸ்பியரும்தான் பேசித் தேற்றினார்கள். 2014இல் அணி இங்கிலாந்தின் மிக உயர்ந்த லீக்கான பிரீமியர் லீக்குக்கு ஏறியது. 2015–16 சீசன் தொடங்கும்போது லெஸ்டர் சாம்பியன் ஆகும் என்று பணம் கட்டுபவருக்கு ஒன்றுக்கு ஐயாயிரம் தருவதாகப் பந்தய நிறுவனங்கள் அறிவித்திருந்தன. அந்த லெஸ்டர்தான் கோப்பையை வென்றது. வார்டி அடித்தவை 24 கோல்கள்.

ஆனால் இந்தக் கதை எதுவும் தெரியாமல் அரங்குக்கு வரும் ஒருவருக்கும் அரைமணி நேரத்தில் வார்டியைப் பிடித்துப்போனதே, அதற்கு என்ன காரணம்? ஆட்டக்காரரின் திறமையில் பெரும்பகுதி பார்வையாளரின் அளவுகோலுக்கு எட்டாதது. ஒரு பாஸ் சரியான முடிவா என்று முப்பதாயிரம் பேரைக் கேட்டால் முப்பதாயிரம் கருத்து வரும். பந்தை இழந்த மறுநொடி ஒருவர் திரும்பி ஓடினாரா, இடுப்பில் கை வைத்து நின்றாரா என்பதில் மட்டும் கருத்து வேறுபாட்டுக்கே இடமில்லை. கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்கும் அது தெரியும். தன் கண்ணாலேயே சரிபார்க்க முடிந்த ஒன்றை வாராவாரம் ஒருவர் குறையில்லாமல் தரும்போது, ரசிகர் அவரை நம்பத் தொடங்குகிறார். முன்கதை அந்த நம்பிக்கைக்குப் பின்னால் வந்து சேர்ந்துகொள்கிறது.

கேள்வி: உழைப்பு, உழைப்பு என்கிறீர்கள். அதிகத் தூரம் ஓடுகிறவர்தான் அதிகம் உழைக்கிறவரா?

பதில்: இல்லை. தூரத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் நடுகள வீரர்களே எப்போதும் முன்னால் நிற்பார்கள். முன்கள வீரரின் உழைப்பைத் தூரத்தில் தேடுவதைவிட, எந்தக் கணத்தில் ஓடத் தொடங்குகிறார், எந்தக் கோணத்தில் ஓடுகிறார் என்பதில் தேட வேண்டும்.

2015 நவம்பர் 28 அன்று மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக 24ஆம் நிமிடத்தில் வார்டி அடித்த கோலை எடுத்துக்கொள்ளுங்கள். களத்தின் மூலையிலிருந்து யுனைடெட் உதைத்த கார்னர் பந்தை லெஸ்டர் கோல்கீப்பர் காஸ்பர் ஷ்மைக்கேல் கையில் பிடித்து, கிறிஸ்டியன் ஃபுக்ஸிடம் எறிகிறார். ஃபுக்ஸ் பந்தோடு முன்னேறுகிறார். பலரும் அந்த இடத்தில் பாஸ் வரட்டும் என்று காத்திருப்பார்கள். வார்டியோ பந்து வருவதற்கு முன்பே ஓட்டத்தில் இருக்கிறார். பின்கள வீரரின் கண்ணில் படாதபடி அவர் தோளுக்குப் பின்னால் ஒதுங்கி, ஆஃப்சைடு ஆகாத, அதாவது பாஸுக்கு முன்பே பின்கள வீரரை முந்திவிடாத அளவுக்கு வேகத்தை அடக்கிவைத்து, ஃபுக்ஸின் கால் பந்தைத் தட்டும் கணத்தில் அதை அவிழ்த்துவிடுகிறார். பந்து யுனைடெட் கோல்கீப்பர் டி ஹெயாவைத் தாண்டி வலைக்குள் போகிறது. ஷ்மைக்கேலின் கையிலிருந்து வலை வரைக்கும் எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிட்டது. தொடர்ந்து 11 பிரீமியர் லீக் ஆட்டங்களில் கோல் அடித்தவர் என்று, ரூட் வான் நிஸ்டெல்ராயின் பத்து ஆட்டச் சாதனையை வார்டி முறியடித்தது அந்தக் கோலால்தான். அந்த ஆட்டம் 1–1 என்று சமனில் முடிந்தது.

அந்த ஒரு ஓட்டம் பலன் தந்தது. அதே ஆட்டத்தில் அதே போன்ற பல ஓட்டங்களுக்குப் பாஸே வந்திருக்காது. பாஸ் வராத ஓட்டத்தை முகம் சுளிக்காமல் மறுபடியும் மறுபடியும் ஓடுவதுதான் இந்த வேலையின் கடினமான பகுதி. இதோடு இன்னொன்றும் உண்டு: எதிரணிப் பின்கள வீரரிடம் பந்து இருக்கும்போது முன்கள வீரர் நேராகப் பாயாமல், வளைந்து வந்து ஒரு பக்கத்தை அடைப்பார். பந்து வைத்திருப்பவர் தமக்குப் பழக்கமில்லாத காலால் அவசரமாக உதைக்க நேரும். பந்து வெளியே போகும். கோல் அடித்தவர் பட்டியலில் யார் பெயரும் ஏறாது. லெஸ்டரில் வார்டிக்குத் துணையாக ஆடிய ஷின்ஜி ஒகசாகி இதில் கைதேர்ந்தவர். சாம்பியன் ஆன சீசனில் அவருடைய லீக் கோல்கள் ஐந்துதான். ஆனாலும் அந்த ஊர் ரசிகர்கள் அவரைக் குறைத்துப் பேசுவதில்லை.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கைதட்டலுக்காக ஓடுகிறவர்களும் உண்டு. எட்டவே முடியாது என்று தெரிந்த பந்தைத் துரத்திக்கொண்டு எல்லைக்கோடு வரை போய், திரும்பி வரும்போது நடந்து வருவார்கள். துரத்தும் ஓட்டத்துக்குக் கைதட்டும் அரங்கம், நடந்து திரும்புவதைக் கவனிப்பதில்லை.

கேள்வி: இத்தகைய வீரர்களைப் பெரிய கிளப்புகள் இளம் வயதிலேயே ஏன் அடையாளம் காணவில்லை?

பதில்: பதினைந்து, பதினாறு வயதில் தேர்வாளர்கள் பார்ப்பது பெரும்பாலும் உடலைத்தான். முன்கூட்டியே வளர்ந்துவிட்ட பையன் மற்றவர்களைத் தள்ளிவிட்டு ஓடுகிறான். அதைத் திறமை என்று எண்ணுகிறார்கள். பின்னாளில் முன்கள வீரராகப் பெயர் பெற்ற கெவின் ஃபிலிப்ஸ் சவுதாம்டன் கிளப்பின் பயிற்சிப் பையனாக இருந்தபோது பின்களத்தில் ஆட வைக்கப்பட்டு, பின்னர் விடுவிக்கப்பட்டார். பால்டாக் டவுன் என்ற சிறு கிளப்பிலிருந்து மீண்டும் தொடங்கிய அவர், 1999–2000 சீசனில் சண்டர்லாண்டுக்காக 30 லீக் கோல்கள் அடித்து ஐரோப்பிய லீக்குகளின் முன்னணிக் கோல் வீரருக்கான தங்கக் காலணியை வென்றார்.

இன்னொரு முன்கள வீரரான ரிக்கி லாம்பர்ட்டை லிவர்பூல் பதினைந்து வயதில் அனுப்பிவிட்டது. இடையில் பீட்ரூட் பதப்படுத்தும் தொழிற்சாலையில் புட்டிகளுக்கு மூடி போடும் வேலைகூடச் செய்தார். அவர் இங்கிலாந்து அணிக்கு வந்தபோது வயது 31. 2013 ஆகஸ்ட்டில் வெம்ப்ளியில் ஸ்காட்லாந்துக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கி, முதன்முதலாகத் தொட்ட பந்தையே தலையால் முட்டிக் கோலாக்கினார். இங்கிலாந்து 3–2 என வென்றது. அடுத்த ஆண்டு அதே லிவர்பூல் அவரை விலை கொடுத்து வாங்கியது. அங்கே அவரால் சோபிக்க முடியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இந்தக் கதைகளை எழுதுகிறவர்கள் அந்தப் பக்கத்தைப் பெரும்பாலும் கிழித்துவிடுகிறார்கள்.

கேள்வி: கோல் அடிக்காத முன்கள வீரரை எப்படிப் பாராட்டுவது? 2018 உலகக் கோப்பையில் பிரான்சின் ஒலிவியே ஜிரூ ஒரு கோல்கூட அடிக்கவில்லையே?

பதில்: கோல் மட்டுமா, அந்தத் தொடர் முழுவதும் அவர் அடித்த பந்து ஒன்றுகூட இலக்கை நோக்கிப் போகவில்லை. ஆனாலும் பயிற்சியாளர் தெஷாம் அவரை அணியிலிருந்து நீக்கவில்லை. பிரான்சு கோப்பையை வென்றது. எதிரணியின் இரண்டு மத்தியப் பின்கள வீரர்களையும் தம்மோடு மல்லுக்கட்ட வைத்து, உயரப் பந்துகளை மார்பில் தாங்கிப் பக்கத்தில் இருப்பவருக்குத் தட்டிவிட்டு, எம்பாப்பேக்கும் கிரீஸ்மனுக்கும் ஓட இடம் உண்டாக்கித் தருவதே அவருக்கு ஒதுக்கப்பட்ட வேலை.

ஜிரூவும் கீழிருந்து வந்தவர்தான். கிரெனோபிள் கிளப் அவரை மூன்றாம் அடுக்கில் ஆடிய இஸ்த்ருக்குக் கடனாக அனுப்பியது. அங்கிருந்து இரண்டாம் அடுக்கில் இருந்த தூர், அதன்பின் மோன்பெலியே. 2012இல் மோன்பெலியே பிரெஞ்சு லீக்கை வென்றபோது அவர் 21 கோல்கள் அடித்திருந்தார். 2022 உலகக் கோப்பையில் பிரான்சு அணிக்காகத் தியெரி ஆன்ரி அடித்த 51 கோல்களைக் கடந்து, மொத்தம் 57 கோல்களோடு தம் நாட்டு அணியிலிருந்து ஓய்வு பெற்றார். கோல் அடிக்கத் தெரியாதவர் என்று அவரைக் கேலி செய்தவர்களுக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

கேள்வி: வார்டி குற்ற வழக்கில் தண்டனை பெற்றவர். அவரை நாயகனாகக் கொண்டாடுவது சரியா?

பதில்: மறைக்க வேண்டிய செய்தி அல்ல. 2007இல் ஒரு தாக்குதல் வழக்கில் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பானது. ஆறு மாதம் காலில் மின்னணுப் பட்டை அணிந்து, மாலை ஆறு மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு இருந்தது. வெளியூர் ஆட்டங்களில் பாதியிலேயே களத்தைவிட்டு இறங்கி வீட்டுக்கு ஓடியிருக்கிறார். காது கேட்கும் கருவி அணிந்த நண்பரைக் கேலி செய்தவர்களோடு மோதியதாக அவர் தரப்பில் சொல்லப்பட்டது. 2015இல் ஒரு சூதாட்ட விடுதியில் இன்னொருவரை இனத்தைச் சுட்டி இழிவாகப் பேசிய காட்சி வெளியானபோது அவர் மன்னிப்புக் கேட்டார். கிளப் அபராதம் விதித்தது. முதலாவதுக்கு ஒரு விளக்கமாவது உண்டு. இரண்டாவதுக்கு அதுவும் இல்லை.

ரசிகர்கள் பாராட்டுவது தொண்ணூறு நிமிட உழைப்பை. அந்தப் பாராட்டை அந்த மனிதரின் மொத்த வாழ்க்கைக்கும் நற்சான்றாக நீட்டிக்கொள்கிறவர்கள்மீதுதான் எனக்கு வருத்தம்.

கேள்வி: உழைப்போடு நேர்மையும் சேர்ந்த முன்கள வீரர் ஒருவரைச் சொல்ல முடியுமா?

பதில்: மிரோஸ்லாவ் குளோசா. தச்சுத் தொழில் பயின்றவர்; ஜெர்மனியின் ஏழாம் அடுக்கில் ஆடத் தொடங்கி, நான்கு உலகக் கோப்பைகளில் 16 கோல்கள் அடித்தார். 2012இல் லாட்சியோ அணிக்காக நாபோலிக்கு எதிராக ஆடும்போது, தம் கையில் பட்டுத்தான் பந்து கோலானது என்று நடுவரிடம் தாமே போய்ச் சொன்னார். கோல் ரத்தானது, லாட்சியோ தோற்றது.

கேள்வி: எனக்கு வயது 21. எந்தப் பயிற்சிக் கழகத்திலும் சேர்ந்ததில்லை. இனிமேல் தொழில்முறை வீரராக முடியுமா?

பதில்: இங்கிலாந்து முன்கள வீரர் இயன் ரைட் 1985இல் கிரிஸ்டல் பேலஸில் சேர்ந்தபோது ஏறக்குறைய 22 வயது, பின்னர் ஆர்சனலுக்காக 185 கோல்கள் அடித்தார். ஆகவே முடியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ரைட், வார்டி, லாம்பர்ட் மூவரும் அந்த இடைக்காலத்தில் வாராவாரம் போட்டி ஆட்டங்களில் ஆடிக்கொண்டிருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். அவர்களைப் போலவே உழைத்து, கீழ் அடுக்குகளிலேயே ஆடி ஓய்வு பெற்றவர்கள் பல மடங்கு அதிகம். அவர்களைப் பற்றி யாரும் என்னிடம் கேள்வி அனுப்புவதில்லை. வருமானத்துக்கு வேறு வழி வைத்துக்கொண்டு, ஒழுங்காகப் போட்டிகள் நடக்கும் ஏதேனும் ஒரு லீக்கில் முதலில் இடம் பிடியுங்கள்.

கேள்வி: நீங்கள் சொல்லும் இந்த உழைப்பைத் தொலைக்காட்சியில் பார்க்க முடியுமா?

பதில்: பாதிதான் முடியும், கேமரா பந்தின் பின்னால் போகிறது. அரங்குக்குப் போகும்போது, அணி ஒரு கோல் முன்னிலையில் இருக்கும் கடைசிக் கால்மணி நேரத்தில் பந்தை மறந்துவிட்டு முன்கள வீரரை மட்டும் பாருங்கள். எதிரணி கோல் கிக் எடுக்கத் தயாராகும்போது அவர் எங்கே நிற்கிறார், யாரை அடைக்கிறார், பந்து தலைக்குமேல் தாண்டிப் போனதும் எத்தனை நொடியில் திரும்புகிறார் என்று கவனியுங்கள். தொலைக்காட்சியில் பார்ப்பதென்றால், கோல் விழுந்தபின் தொலைவிலிருந்து எடுத்த காட்சியை மறுபடி காட்டுவார்கள் அல்லவா, அதில் கோல் அடித்தவரை விட்டுவிட்டு இன்னொரு முன்கள வீரர் எந்தப் பக்கம் ஓடினார் என்று பாருங்கள். பின்கள வீரர் ஒருவரை அவர் தம்மோடு இழுத்துக்கொண்டு போயிருப்பார்.