கை பம்பை அமுக்கினால் ஓடுகிறது, விட்டால் நிற்கிறது: அவுட்போர்டு இன்ஜினில் கோளாறு எங்கே?

நீங்கள் கேட்டது இதுதான்: ஃபைபர் படகு, பின்னால் வெளியே மாட்டிய 9.9 ஹெச்.பி. டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு இன்ஜின், கரையில் நல்லா ஸ்டார்ட் ஆகிறது, பத்து நிமிடம் ஓடியதும் திணறி நிற்கிறது, பெட்ரோல் கேனிலிருந்து இன்ஜினுக்குப் போகும் டியூப் நடுவில் இருக்கும் ரப்பர் கை பம்பை நாலு அமுக்கு அமுக்கினால் மறுபடி ஓடுகிறது. கார்புரேட்டரை இரண்டு தடவை கழற்றி மாட்டியாச்சு, இப்போது இன்ஜினில் இருக்கும் பெட்ரோல் பம்பை மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?

இப்போதைக்கு வேண்டாம். கார்புரேட்டரையும் இனிமேல் தொடாதீர்கள், பாவம். அதற்குள் பெட்ரோல் வரும் பொடி ஓட்டையான ஜெட் அடைத்திருந்தால் கை பம்பை அமுக்கி ஒன்றும் ஆகாது, அடைத்தது அடைத்ததுதான். சின்ன ஜெட் அடைத்தால் சோக் இழுத்தால்தான் ஓடும், ஐடிலிங்கில் நிற்காது. பெரிய ஜெட் அடைத்தால் மெதுவாக ஓடும், ஆக்சிலேட்டரைத் திருகினால் அமுங்கிவிடும். உங்களுடையது இரண்டும் இல்லை. கை பம்பை அமுக்கினால் உயிர் வருகிறது என்றால், கார்புரேட்டர் வரைக்கும் பெட்ரோல் போதுமான அளவு வந்து சேரவில்லை என்றுதான் அர்த்தம். இது பிளக், காயில் சமாச்சாரமாகவும் தெரியவில்லை. கரண்ட் போனால் சுவிட்ச் போட்ட மாதிரி பட்டென்று நிற்கும், பெட்ரோல் போனால்தான் இப்படி இழுத்து இழுத்துத் திணறும்.

பாம்பன் பக்கம் என் சித்தப்பா படகில் இதே கூத்துதான் மூன்று வாரம் நடந்தது. கார்புரேட்டர், பிளக், அப்புறம் இன்ஜின் பம்புக்குள் இருக்கும் டயாப்ரம் என்கிற மெல்லிய படலம் என்று வரிசையாகப் பணம் போனது. கடைசியில் பக்கத்துப் படகுக்காரர் "என் கேனையும் டியூபையும் மாட்டிட்டு ஒரு சுத்து போய்ட்டு வாங்க மாமா" என்று கொடுத்தார். அரை மணி நேரம் மூச்சுவிடாமல் ஓடியது. கேனும் டியூபும்தான் குற்றவாளி, இன்ஜினுக்கு ஒன்றுமில்லை என்பது பைசா செலவில்லாமல் தெரிந்துபோனது. நீங்களும் முதலில் இதைத்தான் செய்ய வேண்டும். ஒரே கம்பெனி இன்ஜின் வைத்திருப்பவரிடம் கேளுங்கள், கனெக்டர் ஆளுக்கொரு மாதிரி இருக்கும். இரவல் கேனிலும் நின்றால் மட்டும் ஃபில்டர், பம்ப், டயாப்ரம் என்று இன்ஜின் பக்கம் போகலாம். டயாப்ரத்தைக் கழற்றினால் வெயிலில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள், ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் வெளிச்சம் தெரியும்.

இரவல் கேனில் நன்றாக ஓடினால், அடுத்த தடவை உங்கள் கேனோடு போய் இன்ஜின் திணற ஆரம்பிக்கும் நொடியில் கை பம்பைத் தொட்டுப் பாருங்கள். அமுக்குவதற்கு முன்னால், அதுதான் முக்கியம். அது ஒட்டிப்போய்ச் சப்பையாக இருந்தால் கேன் பக்கம் அடைப்பு: மூடியில் இருக்கும் காற்றுத் திருகு மூடியிருக்கலாம், அல்லது உப்பு பூத்து ஓட்டை அடைத்திருக்கலாம், கேனுக்குள் இறங்கும் குழாயின் நுனிச் சல்லடையில் குப்பை இருக்கலாம். பத்து நிமிடம் ஓடிவிட்டு நிற்கிறது என்பதால் என் முதல் சந்தேகம் காற்றுத் திருகு மேல்தான். பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்று போக வழியில்லை என்றால் பிளாஸ்டிக் கேனின் வயிறு உள்வாங்கும், மூடியைத் திறந்தால் புஸ் என்று காற்றை இழுக்கும். சிரிக்காதீர்கள், முப்பது வருடம் கடலுக்குப் போனவர்களும் இதில் ஏமாந்திருக்கிறார்கள்.

கை பம்ப் கெட்டியாக, நிறைந்து இருந்தும் இன்ஜின் நிற்கிறதா? அப்படியென்றால் அதற்கு மேலே, ஃபில்டரிலோ கார்புரேட்டர் மிதவையின் ஊசியிலோ அடைப்பு. தொளதொளவென்று, எத்தனை அமுக்கினாலும் இறுகாமல் இருந்தால் எங்கேயோ காற்று இழுக்கிறது, இல்லையென்றால் கை பம்புக்குள் இருக்கும் வால்வு போய்விட்டது. (அமுக்கும்போது இன்ஜின் பக்க முனை மேலே பார்க்கிற மாதிரி பிடிக்க வேண்டும், அம்புக்குறி இன்ஜினைப் பார்த்திருக்க வேண்டும். தலைகீழாக மாட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன்.)

சித்தப்பாவுக்கு நடந்தது இந்தக் காற்று கேஸ். கண்ணுக்கு எங்கும் ஒழுகல் இல்லை. ஒரு முழம் கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூப் வாங்கி கேனுக்கும் கை பம்புக்கும் நடுவில் மாட்டி ஓட்டினோம். சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி பொடிப்பொடியாகக் குமிழி வரிசை கட்டி வந்தது. கேன் பக்கக் கனெக்டருக்குள் இருந்த ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் ஒரு பக்கம் தட்டையாகிப்போயிருந்தது. பெட்ரோல் வெளியே வராது, ஆனால் இன்ஜின் உறிஞ்சும்போது காற்று உள்ளே வரும். அதை மாற்றினோம், சரியாகிவிட்டது. அந்தப் பிளாஸ்டிக் டியூபைச் சோதனை முடிந்ததும் கழற்றிவிடுங்கள், பெட்ரோலில் அது சீக்கிரம் விறைத்து விரிசல் விட்டுவிடும்.

டியூப் பழசு என்றால் இன்னொரு திருட்டுத்தனமும் உண்டு. வெளியே புதுசு மாதிரி இருக்கும், உள் படலம் மட்டும் உரிந்து, உறிஞ்சும்போது நாக்கு மாதிரி எழுந்து வழியை மூடும், நிறுத்தியதும் படுத்துக்கொள்ளும். பங்க்கில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பருக்கு அது ஆகாது. அது தண்ணீரையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தண்ணீர் மிஞ்சினால் எத்தனாலோடு சேர்ந்து அடியில் தங்கும், குழாய் நுனி இருப்பதும் அங்கேதான். கேனின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்து கண்ணாடி பாட்டிலில் ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். கீழே தனியாக ஒரு அடுக்கு தெரிந்தால் அந்த பெட்ரோலை இன்ஜினுக்குக் கொடுக்காதீர்கள்.

ஒரு விஷயம் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: கை பம்பை அமுக்கிக்கொண்டே தினமும் தொழிலுக்குப் போகாதீர்கள். ஆயில் கலந்து ஊற்றும் டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைகிறது, பிஸ்டன் பிடித்துக்கொண்டால் செலவு ஓ-ரிங் விலையில் நிற்காது.

கரையில் டிரம் தண்ணீரில் வைத்து ஓட்டினால் இந்தக் கோளாறு பெரும்பாலும் தெரியாது, லோடு ஏறினால்தான் வரும். அதனால் இரண்டு பேராக, கரைக்குப் பக்கத்திலேயே, நங்கூரமும் துடுப்பும் எடுத்துக்கொண்டு போங்கள். ஒருவர் ஓட்டட்டும், ஒருவர் பம்பில் கை வைத்திருக்கட்டும். நின்றுவிட்டால் முதலில் நங்கூரம், அப்புறம்தான் ஸ்பேனர். பீடி கரையில் இருக்கட்டும். திணறும்போது பம்ப் சப்பையா, தொளதொளப்பா, கெட்டியா என்று இங்கே எழுதுங்கள், மேற்கொண்டு பார்க்கலாம்.