மாங்கொட்டை வண்டும் எலக்ட்ரான் கற்றையும்: காவேரிப்பட்டணத்து அம்மா ஒருவருக்குப் பதில்

அம்மா, வணக்கம்.

பிளஸ் டூ படிக்கும் உங்கள் மகள், பள்ளியில் ஒரு சொற்பொழிவைக் கேட்டுவிட்டு வந்து, எலக்ட்ரான் கற்றையையும் எக்ஸ்ரேயையும் கொண்டு உணவைப் பாதுகாக்கும் துறைக்குத்தான் போவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். கதிர்வீச்சு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு நாளை குழந்தை பிறக்காது என்று உங்கள் நாத்தனார் வீட்டில் சொல்வதை ஒரு பக்கம் முழுக்க விவரித்துவிட்டு, இதைப் படித்தால் வேலை கிடைக்குமா என்று கடைசி வரியில் போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், நீங்கள் தூக்கம் கெட யோசிக்க வேண்டியது அந்தக் கடைசி வரியைத்தான்.

உங்கள் வீட்டுக்காரர் மாங்காய் மண்டி வைத்திருப்பதால் மாம்பழத்திலிருந்தே தொடங்குகிறேன். மாங்கொட்டை வண்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். காய் சிறிதாக இருக்கும்போதே தாய் வண்டு தோலின்மேல் முட்டையிடுகிறது. பொரிந்த புழு சதையைத் துளைத்துக்கொண்டு கொட்டைக்குள் போய்விடும். வந்த வழி தானாக மூடிக்கொள்ளும். பழம் வெளியே பளபளவென்று இருக்கும். கொட்டையைப் பிளந்தால்தான் உள்ளே கறுப்பாக ஒன்று ஊர்வது தெரியும். மண்டியில் எத்தனை அனுபவசாலி நின்று தரம் பிரித்தாலும் இதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. அமெரிக்கா நம் மாம்பழத்துக்கு நெடுங்காலம் கதவைச் சாத்தி வைத்திருந்ததற்கு இந்த வண்டு ஒரு முக்கியக் காரணம். 2007இல் கதவு திறந்தது. பழத்துக்குக் குறைந்தது 400 கிரே கதிர்வீச்சு கொடுத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. முதலில் போன பழங்கள், மகாராஷ்டிரத்தின் லாசல்கானில் வெங்காயத்தை மனத்தில் வைத்துக் கட்டிய ஆலையிலிருந்து போயின. பிறகு ஓசூருக்கு அந்தப் பக்கம், கோலார் மாவட்டத்து மாலூரிலும் ஓர் ஆலை வந்தது.

ஒரு கிலோ பொருளில் ஒரு ஜூல் ஆற்றல் தங்கினால் அது ஒரு கிரே. 400 கிரே கொடுத்தால் பழத்தின் வெப்பம் சுமார் 0.1 டிகிரிதான் ஏறும். வண்டு அங்கேயே சாக வேண்டும் என்பதுகூட இல்லை. அது பெருக முடியாமல் போனால் போதும். வெங்காயமும் உருளைக்கிழங்கும் முளைக்காமல் இருக்க இதைவிடக் குறைவான அளவு போதும். மிளகாய்த்தூள், மஞ்சள்தூள் போன்றவற்றில் கிருமியை ஒழிக்க ஆயிரக்கணக்கான கிரே வேண்டும்.

லாசல்கான், மாலூர் இரண்டுமே கோபால்ட்-60 என்னும் கதிரியக்கப் பொருளை வைத்து இயங்குபவை. கோபால்ட்டை அணைக்க முடியாது. வேலை இல்லாத நேரத்தில் ஆழமான தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி வைக்க வேண்டும். சும்மா இருந்தாலும் சுமார் ஐந்தேகால் ஆண்டில் அதன் வீரியம் பாதியாகிவிடும். உங்கள் மகள் சொல்லும் எலக்ட்ரான் கற்றை இயந்திரம் வேறு வகை. மின்சாரத்தால் எலக்ட்ரான்களை முடுக்கி, கன்வேயரில் நகரும் பொட்டலங்கள்மேல் பாய்ச்சுகிறார்கள். சுவிட்சை அணைத்தால் கற்றை நின்றுவிடும். தேவையான அளவைச் சில நொடிகளிலேயே கொடுத்துவிடுகிறது. குறை என்னவென்றால், ஆழமாகப் போகாது. எலக்ட்ரானின் ஆற்றலை எலக்ட்ரான் வோல்ட்டில் அளப்பார்கள்; உணவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவான 1 கோடி எலக்ட்ரான் வோல்ட்டில்கூட, தண்ணீர் போன்ற பொருளில் ஒரு பக்கத்திலிருந்து நாலு சென்டிமீட்டருக்குள் அதன் பலன் முடிந்துவிடும். மசாலாப் பொட்டலத்துக்கு அது போதும், மாம்பழப் பெட்டி அடுக்குக்குப் போதாது. அப்போது அதே எலக்ட்ரான்களை டான்டலம் போன்ற உலோகத் தகட்டில் மோதவிட்டு எக்ஸ்ரேயாக மாற்றுகிறார்கள். பெட்டியைத் தாண்டிக்கூட அது ஊடுருவும். ஆனால் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கு எக்ஸ்ரேயாகத் தேறினாலே பெரிது, மீதி தகட்டில் சூடாக வீணாகிறது. மின்கட்டணம் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நாத்தனார் வீட்டுப் பயத்துக்கு வருகிறேன். கை முறிந்தவருக்கு எக்ஸ்ரே எடுத்துவந்த பிறகு அந்தக் கையருகே உட்கார யாரும் அஞ்சுவதில்லை. கதிரடித்த பழமும் அப்படித்தான். பழத்திலேயே கதிரியக்கம் உண்டாகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் எலக்ட்ரானின் ஆற்றலுக்கு அந்த உச்ச அளவே வைக்கப்பட்டிருக்கிறது. 10 கிலோகிரே, அதாவது 10,000 கிரே வரை கொடுத்த உணவு பாதுகாப்பானது என்று உலக நல்வாழ்வு அமைப்பு உள்ளிட்ட மூன்று பன்னாட்டு அமைப்புகளின் கூட்டு நிபுணர் குழு 1980இலேயே முடிவு சொல்லிவிட்டது. வேலை செய்பவர் விஷயம் தனி. இயந்திரம் இருக்கும் அறையைச் சுற்றித் தடிமனான கான்கிரீட் சுவர், உள்ளே போகும் வழி வளைந்து வளைந்து இருக்கும், கதவு திறந்தால் கற்றை தானே அணையும். ஊழியர் சட்டையில் சிறிய பேட்ஜ் ஒன்று குத்தியிருப்பார். உடம்பில் எவ்வளவு பட்டது என்று அதைக் கழற்றிச் சோதித்துக் கணக்கு வைப்பார்கள். உடம்பில் படும் கதிர்வீச்சை மில்லிசீவர்ட்டில் அளப்பார்கள்; ஐந்தாண்டில் மொத்தம் 100 மில்லிசீவர்ட், எந்த ஓராண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது என்பது இந்தியாவில் வரம்பு. ஒழுங்காக நடக்கும் ஆலையில் அந்த வரம்பின் அருகில்கூட யாரும் போவதில்லை. கர்ப்பிணிகளுக்கு இன்னும் கடுமையான வரம்பு இருக்கிறது. இதற்கு மேலும் யாராவது கல்யாணப் பேச்சில் இதை இழுத்தால், ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் வேலை பார்க்கும் பெண்களுக்குக் குழந்தை இல்லையா என்று கேளுங்கள்.

உங்கள் மகளிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். இது எல்லாவற்றையும் சரிசெய்யும் மந்திரம் என்று அவள் நினைத்திருந்தால், தவறு. பாலக்கோட்டுத் தக்காளியில் பூச்சிமருந்து மிச்சம் இருந்தால் கதிர் அதை நீக்காது. பூஞ்சை பிடித்த மிளகாயில் நச்சு ஊறிவிட்ட பிறகு கிருமியைக் கொன்று பயனில்லை, நச்சு அங்கேயேதான் இருக்கும். நேர்முகத் தேர்வில் இதைக் கேட்பார்கள்.

இனி, வேலை கிடைக்குமா என்ற அந்தக் கடைசி வரி. இந்தியா முழுவதிலும் இத்தகைய ஆலைகளை எண்ணினால் சில டஜன்களுக்குள் அடங்கிவிடும். அவற்றிலும் பெரும்பாலானவை கோபால்ட் ஆலைகள். இந்தூரில் காய்கறி மண்டியை ஒட்டி மத்திய அரசின் ராஜா ராமண்ணா ஆய்வு மையம் ஓர் எலக்ட்ரான் கற்றை நிலையம் நடத்துகிறது. மருத்துவக் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்வதும் அங்கு ஒரு முக்கிய வேலை. ஓர் ஆலைக்குக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர், தரக்கட்டுப்பாட்டு அலுவலர், இயந்திரத்தை இயக்குபவர்கள் என்று வேண்டிய ஆட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2024 ஜூலை மத்திய பட்ஜெட்டில் 50 கதிர்வீச்சு ஆலைகளுக்கு நிதியுதவி என்று அறிவித்தார்கள். அறிவிப்பை நம்பி நான்கு ஆண்டுப் படிப்பைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதே பட்ஜெட்டில் 100 உணவுப் பரிசோதனைக் கூடங்கள் என்றும் ஒரு வரி இருந்தது. அந்த வரிதான் எனக்குப் பிடித்தது. ஆலை வந்தாலும் வராவிட்டாலும், ஏற்றுமதிக்கும் சட்டத்துக்கும் பரிசோதனைக்கூடம் இல்லாமல் நடக்காது.

ஆகவே இளநிலையிலேயே உணவுக் கதிர்வீச்சுக்கென்று தனிப் பட்டம் தருகிறோம் என்று எந்தக் கல்லூரி விளம்பரம் செய்தாலும் பணம் கட்டாதீர்கள். அகலமான பட்டம் ஒன்றை வாங்கிக்கொண்டு, இந்தத் துறைக்குப் பக்கவாட்டிலிருந்து நுழைவதுதான் புத்திசாலித்தனம். எந்தப் பட்டம் என்பது, உங்கள் மகளை இழுப்பது பழமா இயந்திரமா என்பதைப் பொறுத்தது. பள்ளியில் அந்தச் சொற்பொழிவைக் கேட்டுவிட்டு வந்து அவள் எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள் என்று யோசித்துப் பாருங்கள்.

பழம் என்றால் உணவுத் தொழில்நுட்பம். தஞ்சாவூரில் நிஃப்டெம் என்ற மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது; பி.டெக்.கில் சேர ஜே.இ.இ. மெயின் எழுத வேண்டும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும் பி.டெக். உண்டு. பிறகு மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனமான சி.எஃப்.டி.ஆர்.ஐ.யில் எம்.எஸ்சி. படித்தால் நாட்டில் எந்த ஆய்வுக்கூடத்துக் கதவையும் தட்டலாம். கிருஷ்ணகிரி மாம்பழக்கூழ் ஆலைகளிலும் வேலை உண்டு. சீசன் முடிந்தால் பாதி ஆலை காலி என்பது என்னைவிட உங்கள் வீட்டுக்காரருக்கு நன்றாகத் தெரியும். அரசு உணவுப் பாதுகாப்பு அலுவலர் தேர்வுக்கும் இந்தப் பட்டம் செல்லும். வெறும் இயற்பியல் பட்டம் அதற்குச் செல்லாது, இதைக் கவனத்தில் வையுங்கள்.

இயந்திரம் என்றால் பி.எஸ்சி. இயற்பியல், அதன்மேல் எம்.எஸ்சி. பிறகு மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கதிரியல் இயற்பியல் டிப்ளமோ. இதன் அழகு என்னவென்றால், புற்றுநோய் மருத்துவமனைகளில் சிகிச்சைக்கு வைத்திருக்கும், எலக்ட்ரான்களை முடுக்கும் லீனியர் ஆக்சிலரேட்டரும் இதே குடும்பத்து இயந்திரம்தான். உணவு ஆலை கிடைக்காவிட்டால் ஆஸ்பத்திரி இருக்கிறது. செலவும் குறைவு, அரசுக் கல்லூரியிலேயே பி.எஸ்சி. முடித்துவிடலாம். ஆனால் கணக்கில் சோம்பல்படும் பிள்ளைக்கு இந்த வழி வேண்டாம். பாதுகாப்பு அலுவலர் ஆக விரும்பினால், பட்டத்துக்குப் பிறகு அதற்குரிய பயிற்சியும் தேர்வும் முடித்து, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் ஒப்புதல் பெற வேண்டும்.

அவள் கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவில் படிப்பதாக எழுதியிருக்கிறீர்கள், இரண்டு வழியும் திறந்தே இருக்கின்றன. ஜே.இ.இ.க்கு விண்ணப்பிக்கும் கடைசித் தேதி பொதுத்தேர்வுக்கு வெகு முன்பே வந்துவிடும். தஞ்சாவூர் தூரம் என்று இப்போதே தள்ளிவிடாமல் முதலில் விண்ணப்பத்தைப் போடச் சொல்லுங்கள். சாதிச் சான்றிதழில் இருக்கும் பெயரும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கின்றனவா என்று இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் இப்போதே தாலுகா அலுவலகத்துக்குப் போய்த் திருத்திக்கொள்ளுங்கள். கலந்தாய்வு நேரத்தில் அங்கே நிற்க இடம் இருக்காது.