கேள்வி பதில்: செயின் சாவுக்கு எத்தனை இன்ச் பார்?

கேள்வி: என்னிடம் இருப்பது 35 சிசி செயின் சா, 14 இன்ச் பார் (செயின் சுற்றி ஓடும் தகடு). காற்றில் சாய்ந்து கிடக்கும் புளியமரத்தின் அடிப்பகுதி 2 அடி விட்டம். 20 இன்ச் பார் மாட்டி அறுக்கலாமா? பொருந்தும் என்கிறார் கடைக்காரர்.
- வாசகர், பேராவூரணி

பதில்: பொருந்தினாலும் மாட்டாதீர்கள். பார் போல்ட்டில் உட்காருவது வேறு, அதில் ஓடும் செயினை இழுக்க எஞ்சினுக்குத் தெம்பு இருப்பது வேறு.

3/8 பிட்ச் செயினில், அதாவது ரிவெட்டுகளின் சராசரி இடைவெளி 3/8 இன்ச் உள்ள செயினில், ஏறக்குறைய ஒன்றரை இன்ச்சுக்கு ஒரு வெட்டும் பல் இருக்கும். 14 இன்ச் பார் முழுவதும் மரத்துக்குள் போனால் ஒரே நேரத்தில் 9 பல் கடிக்கும். 20 இன்ச்சில் அது 13 ஆகிவிடும். 35 சிசி மெஷினின் சக்தி சுமார் ஒன்றரை கிலோவாட்தான். புளி மாதிரி வைரம் பாய்ந்த மரத்தில் அது 9 பல்லை இழுக்கவே சரியாக இருக்கும். மேலும் நான்கு பல்லை ஏற்றினால் வேகம் விழும், கிளட்ச் வழுக்கும், டிரம் சூடேறி நீலம் பாரிக்கும். ஆயில் பம்பும் சின்ன பாருக்கு அளந்து வைத்ததுதான். 20 இன்ச்சின் நுனிக்குப் போதிய ஆயில் போய்ச் சேராது; முதலில் பாரின் மூக்கு வீல் தேயும்.

பொதுவான கணக்கு இது: 30 முதல் 38 சிசி வரை 12 முதல் 16 இன்ச், 40 முதல் 50 சிசிக்கு 16 அல்லது 18, 55 முதல் 60 சிசிக்கு 18 அல்லது 20, 70 சிசிக்கு மேல்தான் 20 இன்ச்சைத் தாண்டலாம். கடினமான மரத்துக்கு எப்போதும் இதில் சின்ன அளவையே எடுங்கள்.

உங்கள் மரம் கிடக்கும் மரம்தானே, 14 இன்ச் பாராலேயே முடியும். ஒரு பக்கம் பார் போகும் ஆழம் வரை அறுத்துவிட்டு, மறுபக்கம் வந்து அதே கோட்டில் சந்தியுங்கள். வெட்டு இறுகத் தொடங்கினால் பின்னால் பிளாஸ்டிக் ஆப்பு அடியுங்கள். இரும்பு ஆப்பில் செயின் பட்டால் பல் போய்விடும். பார் மூக்கின் மேல்பாதி மரத்தில் முட்டக் கூடாது. முட்டினால் மெஷின் உங்கள் முகத்தை நோக்கி எகிறும்.

கேள்வி: 58 சிசி மெஷினுக்கு '20 இன்ச் செயின்' என்று கேட்டு வாங்கி வந்தேன். பாரில் சரியாக உட்காரவே இல்லை. ஏன்?
- வாசகர், பொள்ளாச்சி

பதில்: இன்ச்சை மட்டும் சொல்லி செயின் வாங்கவே கூடாது. பிட்ச், கேஜ், டிரைவ் லிங்க் எண்ணிக்கை மூன்றும் சேர்ந்ததுதான் செயினின் அளவு. பல பார்களில் மெஷினோடு சேரும் முனைக்குப் பக்கத்தில் இவை பொறித்திருக்கும். அழிந்துபோயிருந்தால் நீங்களே அளக்கலாம்.

பிட்ச்சுக்கு, அடுத்தடுத்த மூன்று ரிவெட்டில் முதலாவதன் நடுவிலிருந்து மூன்றாவதன் நடுவரை அளந்து இரண்டால் வகுங்கள். மொத்த அளவு 16.5 மில்லிமீட்டர் வந்தால் .325, 19 வந்தால் 3/8. கேஜ் என்பது பாரின் பள்ளத்தில் ஓடும் டிரைவ் லிங்க்கின் தடிமன்: 1.1, 1.3, 1.5, 1.6 மில்லிமீட்டர் என்று வரும். கடைசியாக, அடியில் நீட்டியிருக்கும் டிரைவ் லிங்க்குகளில் ஒன்றில் சாக்பீஸ் அடையாளம் வைத்து ஒரு சுற்று எண்ணுங்கள்.

கடைகளில் கிடைக்கும் 58 சிசி மெஷின்களில் பெரும்பாலும் .325 பிட்ச், 1.5 கேஜ், 20 இன்ச்சுக்கு 76 லிங்க், 22 இன்ச்சுக்கு 86. அதே 20 இன்ச்சில் 3/8 செயின் 72 லிங்க்கில் வரும். உங்களுக்குக் கொடுத்தது அதுவாக இருக்கலாம். எண்ணிப் பாருங்கள். அதை .325 ஸ்ப்ராக்கெட்டில் (செயினை இழுக்கும் பல்சக்கரம்) வலிந்து மாட்டினால் லிங்க்கின் அடி நசுங்கி, செயின் ஏறி இறங்கி ஓடும். கேஜ் குறைந்தால் வேறு தொல்லை: 1.5 பள்ளத்தில் 1.3 செயின் ஒருபக்கம் சாய்ந்து, வெட்டு வளைந்து போகும்.

'3/8 லோ புரொஃபைல்' என்றொரு மெல்லிய வகையும் உண்டு. அது சின்ன மெஷினுக்கானது. பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று பெரிய மெஷினில் போட்டால் அறுந்து தெறிக்கும்.

கேள்வி: அதே 58 சிசி மெஷினை 3/8 பிட்ச்சுக்கு மாற்றினால் வேகமாக அறுக்குமா?
- வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: செயின் மட்டும் மாறினால் போதாது, ஸ்ப்ராக்கெட், பாரின் மூக்கு இரண்டும் மாறவேண்டும். 7 பல் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு சுற்றுக்கு .325 செயின் 115 மில்லிமீட்டர் நகரும், 3/8 என்றால் 133. எஞ்சினின் சுமை அந்த அளவுக்குக் கூடும். சக்தி அதே சக்திதான், ஆகவே கடினமான மரத்தில் திணறும். .325-லேயே இருந்து, 18 இன்ச் பாரும் 72 லிங்க் செயினும் போடுங்கள். வித்தியாசம் கையில் தெரியும்.

கேள்வி: புதுச் செயின் போட்டும் மெஷின் இழுக்கவில்லை. பெரிய மெஷின் வாங்க வேண்டுமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: முதலில் தூளைப் பாருங்கள். சீவல் சீவலாக விழுந்தால் பல் கூர்மை. மாவாக விழுந்தால் மழுங்கிவிட்டது. மண் ஒட்டிய மரத்தில் புதுச் செயின்கூட சில நிமிடத்தில் மழுங்கும். .325 செயினுக்கு 4.8 மில்லிமீட்டர் உருண்டை அரம், லோ புரொஃபைலுக்கு 4 மில்லிமீட்டர். எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் இழுங்கள். பல்லுக்கு முன்னால் உள்ள மேட்டை 0.65 மில்லிமீட்டருக்கு மேல் தாழ்த்தாதீர்கள். தாழ்த்தினால் பல் அதிகமாகக் கடித்து எஞ்சின் நின்றுபோகும், எகிறும் ஆபத்தும் கூடும்.

பிறகு ஸ்ப்ராக்கெட்டைப் பாருங்கள். பல்லில் அரை மில்லிமீட்டர் பள்ளம் விழுந்திருந்தால் மாற்றிவிடுங்கள். தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டில் புதுச் செயின் போட்டால் அந்தச் செயினும் சீக்கிரம் நீண்டுவிடும். இரண்டு செயின் தேய்ந்தால் ஒரு ஸ்ப்ராக்கெட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.