வாசகர் கேள்வி பதில்: மீமில் தமிழ் ஏன் உடைகிறது?

கேள்வி: நான் அரசுப் பள்ளியில் தமிழ் ஆசிரியை. ஒற்றுப் பிழைகளைப் பற்றி மாணவர்களுக்கு மீம் வழியே சொல்லலாம் என்று எண்ணி, இலவசமாகக் கிடைக்கும் ஓர் இணையத் தளத்தில் படத்தை ஏற்றி வசனம் எழுதினேன். தட்டச்சு செய்யும் கட்டத்தில் ‘கொக்கு’ என்று சரியாகத் தெரிந்தது. பதிவிறக்கிய படத்திலோ கொம்பு இடம் மாறி, அதனருகே புள்ளிகளால் ஆன வட்டம் ஒன்றும் முளைத்திருந்தது. நான் செய்த தவறு என்ன?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: தவறு உங்களுடையது அன்று. கணினியில் எழுத்துகளைப் பதியும் யூனிகோட் முறையில் ‘கொ’ என்பது முதலில் ககரம், அதன் பின் ஒகரக் குறி என்ற வரிசையிலேயே பதிவாகிறது. அந்தக் குறியைப் பிரித்துக் கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் நிறுத்துவது, எழுத்தை வரையும் மென்பொருளின் வேலை. உங்கள் பிரவுசர் அதை ஒழுங்காகச் செய்வதால் தட்டச்சுக் கட்டத்தில் குறை தெரிவதில்லை. ஆனால் சில தளங்கள் இறுதிப் படத்தைத் தங்கள் சர்வரில் வேறொரு மென்பொருளைக் கொண்டு வரைகின்றன. அதற்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியாவிட்டால், குறிகளை வந்த வரிசையிலேயே அடுக்கிவிடும். ஆகவே எந்தத் தளமானாலும், முழு வசனத்தையும் எழுதுவதற்கு முன் ‘கொடி, பேனா, பை, மௌனம்’ என்ற நான்கு சொற்களை மட்டும் இட்டுப் பதிவிறக்கிப் பாருங்கள். அவை உடைந்திருந்தால் அந்தத் தளத்தோடு போராட வேண்டாம். கேன்வா போன்று தமிழ் எழுத்துருக்களைத் தாமே வைத்திருக்கும் கருவிக்கு மாறிவிடுங்கள்.

அடுத்து எழுத்துருவைக் கவனிக்க வேண்டும். மீம்களில் நாம் பார்த்துப் பழகிய தடித்த வெள்ளை எழுத்து, ஜெஃப்ரி லீ வடிவமைத்து 1965இல் வெளியான ‘இம்பாக்ட்’ என்னும் ஆங்கில எழுத்துரு. பெரும்பாலான மீம் தளங்களில் முதலில் வந்து நிற்பது இதுதான். இதில் தமிழ் எழுத்துகளே இல்லை என்பதால், கருவி கையில் அகப்பட்ட வேறொரு தமிழ் எழுத்துருவை எடுத்துப் போடும். அது பெரும்பாலும் மெலிந்ததாகவே இருக்கும். அப்படி விட்டுவிடாமல், ‘பலூ தம்பி’, ‘கட்டமரன்’, ‘முக்த மலர்’ ஆகியவற்றில் ஒன்றை நீங்களே தேர்ந்தெடுங்கள். மூன்றும் கட்டணமின்றி யாரும் பயன்படுத்தக்கூடியவை. படத்தின் மேல் எடுப்பாக நிற்கும் தடிமனும் அவற்றில் உண்டு.

தமிழ் ஆசிரியை என்பதால் உங்களிடம் அழுத்திச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. எந்தப் பின்னணியிலும் எழுத்து தெரிய வேண்டும் என்பதற்காக, வெள்ளை எழுத்தைச் சுற்றிக் கறுப்பு விளிம்பு இடுவது மீம்களின் வழக்கம். நேர்க்கோடுகள் மிகுந்த ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்கு அது பொருந்தும். சுழிகளால் ஆன நம் எழுத்துகளுக்குப் பொருந்துவதில்லை. விளிம்பு தடித்தால் அது சுழியின் உள்ளே புகுந்து அடைத்துக்கொள்ளும். இரண்டு சுழி எது, மூன்று சுழி எது என்று தெரியாமல் ‘பனி’ ‘பணி’ ஆகிவிடும்; ‘கி’ எது, ‘கீ’ எது என்று கைப்பேசித் திரையில் பிரித்தறிய முடியாது. பிழையைத் திருத்த எழுதும் மீமிலேயே பிழை தோன்றினால் எவ்வளவு வருத்தமாக இருக்கும்! விளிம்பை மிக மெல்லியதாக வையுங்கள். அதைவிட நல்லது, படத்துக்கு மேலே வெள்ளைப் பட்டை ஒன்றை விட்டு அதில் கறுப்பு எழுத்தில் எழுதுவது. வரியைப் பட்டையின் உச்சியோடு ஒட்ட வைத்தால் மெய்யெழுத்தின் புள்ளி வெட்டுப்படும் என்பதால், மேலே சிறிது இடம் விடுங்கள். நீண்ட சொல்லைக் கருவி கண்ட இடத்தில் முறிக்காதபடி, வரி எங்கே முடிய வேண்டுமோ அங்கே நீங்களே என்டர் தட்டிவிடுங்கள்.

முடித்த படத்தை பிஎன்ஜி வடிவில் சேமித்து, வாட்ஸ்ஆப்பில் ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்புங்கள்; படமாக அனுப்பினால் அது சுருக்கப்படும்போது எழுத்தின் ஓரங்கள் மங்கிவிடும்.

கேள்வி: மீமில் எத்தனை சொற்கள் இருக்கலாம்? எந்த டெம்ப்ளேட்டை (வசனம் எழுதுவதற்கான படத்தை) எடுப்பது?
– ஒரு கல்லூரி மாணவர், கோவை

பதில்: கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்தபடி ஒரே பார்வையில் படித்து முடிக்கும் அளவே போதும். படத்தில் தெரிவதை எழுத்தில் மறுபடி சொல்லக் கூடாது. மதில் மேல் ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் விழிக்கும் ஆட்டின் படத்துக்கு ‘விடுமுறை முடிந்த முதல் நாள் காலை’ என்பது போதும். ‘என்ன செய்வதென்று தெரியவில்லை’ என்று கீழே ஒரு வரி சேர்த்தால், ஆட்டின் முகம் சொன்னதை நீங்கள் கெடுத்துவிடுகிறீர்கள். வடிவேலுவின் படங்கள் இத்தனை ஆண்டுகளாகத் தமிழ் மீம்களில் நிலைத்திருப்பதற்கு, அவர் முகம் வசனத்துக்கு முன்பே பேசிவிடுவதே காரணம் என்பது என் கருத்து.

டெம்ப்ளேட்டின் பாதிப் பொருள் அது எடுக்கப்பட்ட காட்சியில் இருக்கிறது. 2019 மே மாதம், ஒரு முகநூல் பக்கம் சுத்தியலின் படத்தைப் போட்டு உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்க, தமிழர் ஒருவர் அந்தச் சுத்தியல் கான்ட்ராக்டர் நேசமணியின் தலையில் விழுந்த கதையைச் சொன்னார். நேசமணி, 2001இல் வெளிவந்த ‘ஃபிரண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு ஏற்ற பாத்திரம்; சுத்தியல் தலையில் விழுவது அதில் வரும் நகைச்சுவைக் காட்சி. நேசமணிக்காகப் பிரார்த்திக்கச் சொன்ன ஹாஷ்டேக் ட்விட்டரில் உலக அளவில் டிரெண்ட் ஆனது. அந்தக் காட்சி தமிழர்களுக்கு மனப்பாடம் என்பதால், சுத்தியல் என்ற ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது. உங்கள் வாசகர்கள் பார்த்திராத காட்சியை எடுத்தால், அந்தப் பாதிப் பொருளையும் நீங்களே எழுத வேண்டிவரும், வசனம் நீண்டுவிடும்.

கேள்வி: என் பேரனின் படத்தை வைத்துக் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவுக்காக மீம் செய்ய விரும்புகிறேன். இணையத் தளத்தில் படத்தை ஏற்றலாமா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஏற்றாமல் இருப்பதே நல்லது. சில தளங்களில், நீங்கள் செய்த மீம் எல்லோரும் பார்க்கும் பொதுத் தொகுப்பில் தானாகவே சேர்ந்துவிடும். தனிப்பட்டது என்று குறிக்கும் சிறிய கட்டத்தை டிக் செய்தால்தான் அது தடைபடும். பலர் அந்தக் கட்டத்தைக் கவனிப்பதே இல்லை. குடும்பப் படங்களுக்கு உங்கள் கைப்பேசியின் கேலரியிலேயே இருக்கும் ‘எடிட்’ வசதி போதுமானது; அதில் ‘டெக்ஸ்ட்’ என்பதைத் தொட்டுத் தமிழில் எழுதலாம், படமும் உங்கள் கையை விட்டுப் போகாது. அனுப்புவதற்கு முன் பேரனிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். அவன் முகம் சுருங்கினால் வேறு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.