புற்றுநோய் ஆய்வுக்குப் போக நினைக்கும் மாணவருக்கு: பெருங்குடலிலிருந்து தொடங்குங்கள்

இளநிலை உயிரியல் படிக்கிறீர்கள், புற்றுநோய் ஆய்வுக்குப் போக எந்தக் கோர்ஸில் சேரலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கோர்ஸைப் பிறகு பார்க்கலாம். முதலில் ஒரே ஒரு புற்றுநோயை ஆழமாகப் படியுங்கள். பெருங்குடல் புற்றுநோய் அதற்கு மிகப் பொருத்தம். சிறு பாலிப் (குடலின் உட்சுவரில் முளைக்கும் சதை வளர்ச்சி), பெரிய பாலிப், புற்று என ஒவ்வொரு கட்டத்துத் திசுவும் ஆய்வுக்குக் கிடைப்பதால், எந்த மரபணு எந்தக் கட்டத்தில் பழுதாகிறது என்பதை இதில் தொடர்ந்து பார்க்க முடிந்தது. 1990-இல் ஆய்வாளர்கள் ஃபியரனும் வோகல்ஸ்டைனும் முன்வைத்த, மரபணுக்கள் ஒவ்வொன்றாகப் பழுதாகும் படிநிலை இன்றும் அடிப்படைப் பாடம்.

அதை வரிசையாக மனப்பாடம் செய்யாதீர்கள், காரணத்தோடு படியுங்கள். ஏபிசி என்ற கட்டி அடக்கி (கட்டி உருவாவதைத் தடுக்கும்) மரபணுவின் புரதம், செல் பெருக்கத்தைத் தூண்டும் பீட்டா-கேட்டனின் என்ற புரதத்தைச் சிதைவுக்கு அனுப்பும் கூட்டமைப்பில் ஓர் அங்கம். ஏபிசியின் இரு நகல்களும் பழுதானால் பீட்டா-கேட்டனின் குவிந்து உட்கருவுக்குள் போகிறது. செல் ஓயாமல் பெருகிப் பாலிப் உருவாகிறது. கேராஸ் என்ற மரபணுவின் பிறழ்வு அதைப் பெரிதாக்குகிறது. (கேராஸ் கட்டி அடக்கி அல்ல, ஆன்கோஜீன், அதாவது பிறழ்ந்தால் செல்லைப் பெருகத் தூண்டும் மரபணு, ஒரு நகல் பிறழ்ந்தாலே போதும். நேர்முகத் தேர்வுக்கு முன் இந்த வேறுபாட்டில் தெளிவாக இருங்கள்.) 18-ஆவது குரோமோசோமில் உள்ள ஸ்மேட்4 மரபணுவை இழந்தால், டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞைப் புரதம் செல் பெருக்கத்துக்குப் போடும் தடை தளர்கிறது. சேதமடைந்த செல்லை நிறுத்தும் பி53 புரதம் (அதன் மரபணு டிபி53) போனபின் டிஎன்ஏ சேதமடைந்த செல்கூட நிற்காமல் பிரிகிறது. பாலிப் புற்றாக மாறுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். எல்லாக் கட்டிகளும் இதே வழியில் போவதில்லை. எம்எல்ஹெச்1 போன்ற, டிஎன்ஏ பிழைகளைப் பழுதுநீக்கும் மரபணு இழந்து உருவாகும் கட்டிகளின் பாதை வேறு. அதைத் தனியாகப் படியுங்கள்.

ஆய்வகத்தில் தவறு நேரும் இடங்கள் சில உண்டு. ஏபிசி இழப்பை ஆராய ஆய்வகத்தில் வளர்க்கும் பெருங்குடல் புற்றுச் செல் வகைகளில் எச்சிடி116 செல்களை எடுத்தால் வேலை வீண்: அவற்றில் ஏபிசி நன்றாகவே இருக்கிறது, பிறழ்ந்திருப்பது பீட்டா-கேட்டனின். எஸ்டபிள்யூ480 பொருந்தும். திசுச் சாயத்தில் பி53 அடர்த்தியாகத் தெரிந்தால் மரபணு நலமாக இருக்கிறது என்று எழுதிவிடாதீர்கள். பிறழ்ந்த புரதம் சிதையாமல் குவிவதே பெரும்பாலும் அதற்குக் காரணம். முற்றிலும் சாயம் ஏறாததும் கோளாறாக இருக்கலாம், ஆனால் அருகிலுள்ள இயல்பான செல்களிலும் ஏறவில்லையென்றால் சோதனையே பிழை. கட்டி மாதிரியில் இயல்பான செல்கள் எப்போதும் கலந்திருக்கும். பாதிக்குப் பாதி கலந்திருந்தால், கட்டிச் செல்கள் ஒரு நகலை இழந்த இடத்தில் மீதி நகலின் பங்கு 100 சதவீதமாகத் தெரியாது, சுமார் 67 சதவீதமாகவே தெரியும். ஏன் என்று தாளில் கணக்கிட்டுப் பாருங்கள். அதே நோயாளியின் இரத்த டிஎன்ஏவை ஒப்பீட்டுக்கு வைப்பதும் அவசியம்.

இதில் எந்தப் பகுதி உங்களை இழுக்கிறதோ அதுவே கோர்ஸைச் சொல்லிவிடும். அந்த 67 சதவீதக் கணக்கு பிடித்திருந்தால் உயிர்த்தகவலியல். அதற்குப் புள்ளியியலும் பைத்தானும் வேண்டும். பீட்டா-கேட்டனின் என்றால் மூலக்கூறு உயிரியல், கூடவே செல் வளர்ப்புப் பயிற்சி. சாயமிட்ட திசுவைப் படித்து நோயைக் கண்டறிய விரும்பினால் மருத்துவம் படித்துவிட்டு நோய்க்குறியியலுக்குப் போக வேண்டும். ஏபிசி பிறழ்வைப் பரம்பரையாகப் பெற்ற குடும்பங்களோடு பேச விரும்பினால் மரபியல் ஆலோசனை. அங்கே பொறுமையும் தெளிவான பேச்சும் பாடத்துக்குச் சமமாக எடைபோடப்படும்.

ஆய்வகத்துக்கு இன்டர்ன்ஷிப் கேட்டு எழுதும்போது சான்றிதழ் பட்டியலை மட்டும் அனுப்பாதீர்கள். சிபயோபோர்ட்டல் என்ற புற்றுநோய் மரபணுத் தரவுத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் பெருங்குடல் தரவில் ஏபிசியும் டிபி53-உம் எத்தனை கட்டிகளில் சேர்ந்தே பிறழ்ந்துள்ளன என்று பார்த்து, ஒரு பக்கத்தில் எழுதி இணையுங்கள்.