கதவுக்குக் கீழே கல் இடிக்கிறதா? ஃபுட்ஸ்டெப் போதுமா, ஸ்லைடர் வேண்டுமா

கேள்வி: எங்கள் நிலம் அஞ்செட்டி தாண்டி மலைச்சரிவில் இருக்கிறது. 2022-ல் வாங்கிய மஹிந்திரா தார், டீசல், ஃபோர் வீல் டிரைவ். மழை முடிந்ததும் மண் அரித்துப் பாதையில் குண்டுக்கல் எழும்பி நிற்கிறது. போன மாதம் டிரைவர் பக்கக் கதவுக்குக் கீழே தகடு உள்ளே போய்விட்டது. ஃபுட்ஸ்டெப் போடு என்கிறார் ஒருவர். கதவுக்குக் கீழே மாட்டும் கனமான பைப் காப்பான ராக் ஸ்லைடர்தான் சரி என்கிறார் இன்னொருவர். ஓசூரில் ஒரு வெல்டிங் பட்டறையில் பைப் வைத்து அடித்துத் தருவதாகச் சொல்கிறார்கள். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, ஏறி இறங்கப் படியும் வேண்டும். எதைப் போடுவது? டிங்கர் வேலையை இப்போதே பார்க்கலாமா, காப்பு மாட்டிய பிறகா? (தேன்கனிக்கோட்டை வாசகர்)

பதில்: எதையும் வாங்கும் முன் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஒரு சாக்கை விரித்துக் கீழே படுத்துப் பாருங்கள். கல் உரசிய தழும்பு எங்கெங்கே இருக்கிறது என்று டார்ச் அடித்துத் தேடுங்கள். கதவுக்குக் கீழே ஓடும் தகட்டில் மட்டும் இருந்தால் உங்கள் சந்தேகம் சரி, பக்கக் காப்புதான் வேண்டும். அச்சின் நடுவில் உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியலிலும், நடுவில் கியர் பாக்ஸுக்குக் கீழே இருக்கும் தகட்டிலும்தான் கீறல் அதிகம் என்றால் கதை வேறு. டிராக்டர் ஓடி ஓடி இரண்டு பக்கமும் தடம் பள்ளமாகி, நடுவில் திட்டு நிற்கிற பாதைகளில் அப்படித்தான் ஆகும். அங்கே எவ்வளவு நல்ல ஸ்லைடர் போட்டாலும் வயிற்றில் இடிப்பது நிற்காது.

ஒருவேளை தினமும் இடிப்பது ஒரே இரண்டு கல்தான், பாதையும் உங்கள் பட்டா நிலத்துக்குள்தான் என்றால், வண்டியில் எதையும் மாட்டாதீர்கள். ஜேசிபியைக் கூப்பிட்டு அந்தக் கல்லைப் புரட்டிப் போடுங்கள். என் தொழிலுக்கு நஷ்டம்தான், ஆனாலும் மலிவான வழி அதுவே.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே, கதவுக்கு அடியில் ஓடும் நீளப் பெட்டிதான் ராக்கர் பேனல். மெல்லிய தகடுகளை மடித்து ஸ்பாட் வெல்டிங்கில் சேர்த்தது. கதவுத் தூண்கள் அதன் மேல்தான் நிற்கின்றன. பக்கவாட்டில் இன்னொரு வண்டி மோதினால் அந்த அடியைத் தாங்குவதிலும் அதற்குப் பங்கு உண்டு. கீழிருந்து வரும் எடையைச் சுமக்க அதைச் செய்யவில்லை. தாரில் எடையைச் சுமப்பது லேடர் சேஸ், அதாவது அடியில் ஏணி போல ஓடும் கனமான இரும்புச் சட்டம். பாடி அதன் மேல் ரப்பர் புஷ் வைத்து உட்கார்ந்திருக்கிறது. ஆகவே கல் இடிக்கிற பாரம் எந்த வழியாகவாவது சேஸுக்குப் போய்ச் சேர வேண்டும், பாடித் தகட்டுக்கு வரவே கூடாது. கடையில் என்ன பெயர் சொல்லி விற்றாலும், இந்த ஒன்றைச் செய்யாத பொருள் காப்பு ஆகாது.

கடையில் தொங்கும் பெரும்பாலான ஃபுட்ஸ்டெப்புகள் இங்கேதான் தோற்கின்றன. பளபளப்பான மெல்லிய பைப், இரண்டு மூன்று பிராக்கெட், சின்ன போல்ட்டுகள், எல்லாம் பாடித் தகட்டிலேயே மாட்டியிருக்கும். ஆள் ஏறி இறங்க அது போதும். கல்லில் வண்டி உட்கார்ந்தால் பைப் மேலே எழும்பி, பிராக்கெட் தகட்டுக்குள் குத்தும். ஃபுட்ஸ்டெப் இல்லாமல் இடித்திருந்தால் ஓர் இடத்தில் பள்ளம் விழும். ஃபுட்ஸ்டெப் இருந்தால் பிராக்கெட் உள்ள எல்லா இடத்திலும் பள்ளம் விழும். பட்டறைக்கு அப்படி வருகிற வண்டிகளில் போல்ட் ஓட்டையைச் சுற்றித் தகடு கிழிந்து, பெட்டிக்குள் செம்மண் புகுந்து, உள்ளேயே துருப்பிடித்திருக்கும். வெளியே தெரியும்போது பாதி போயிருக்கும்.

ராக் ஸ்லைடர் என்பது வண்டி அதன் மேல் உட்கார்ந்து, கல்லின் மேல் சறுக்கிப் போகும்படி செய்தது. தார் கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் டன் இருக்கும். சரிவில் சாய்ந்து நிற்கும்போது அதில் பாதி ஒரு பக்க ஸ்லைடரில் இறங்கலாம் என்று வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். ரெடிமேடாக வாங்கினாலும் சரி, ஓசூரில் அடித்தாலும் சரி, கணக்கு ஒன்றுதான். ஓசூரில் அடிப்பதில் எனக்கு ஆட்சேபணை கிடையாது. சிப்காட்டை நம்பி லேசர் கட்டிங்கும் பைப் பெண்டிங்கும் செய்யும் ஜாப் ஒர்க் பட்டறைகள் நிறைய இருக்கிற ஊர் அது. என்ன கேட்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் நல்ல வேலை கிடைக்கும்.

பைப்பில் தொடங்குங்கள். ‘சி கிளாஸ்’ என்று கேட்டால் கனமான பைப் தருவார்கள். ஒன்றரை இன்ச் சி கிளாஸ் பைப்பின் வெளிவிட்டம் 48.3 மி.மீ., கனம் 4 மி.மீ. கேட்டில், ஷெட்டில் போடுகிற மெல்லிய பைப்பை இதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒன்றே கால் இன்ச் பி கிளாஸ் பைப் 42.4 மி.மீ. விட்டம், 3.2 மி.மீ. கனம். பார்வைக்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. வளைவைத் தாங்கும் பலத்தில் முதலாவது ஒன்றரை மடங்குக்கும் மேல். சீம்லெஸ் கிடைத்தால் இன்னும் நல்லது. கிடைக்காவிட்டால் தையல் உள்ள பைப்பே போதும், தையல் கல் படும் அடிப்பக்கம் வராமல் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். ஜி.ஐ. பைப்பைத் தலையில் கட்டப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். துத்தநாகப் பூச்சின் மேல் வெல்டிங் வைத்தால் புகையும் கெடுதல், ஒட்டும் சரியாக இருக்காது.

எடையைக் கேட்டுப் பலர் பயப்படுகிறார்கள். இந்தப் பைப் மீட்டருக்கு ஏறக்குறைய 4.4 கிலோ. உள்ளே ஒன்று வெளியே ஒன்றாக ஒன்றரை மீட்டரில் இரண்டு பைப், குறுக்குத் துண்டுகள், கால்கள், பிளேட்டுகள் எல்லாம் சேர்த்து ஒரு பக்கத்துக்கு 20 முதல் 25 கிலோ வரும். இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு மெலிந்த ஆள் எடை. ஸ்டெயின்லெஸ்ஸில் எடை குறைவு என்று யாராவது சொன்னால், கனம் எவ்வளவு என்று திருப்பிக் கேளுங்கள். கனத்தைக் குறைத்ததால்தான் எடை குறைந்திருக்கும். அலுமினியமும் எடை குறைவுதான். கருங்கல்லில் அது வழுக்காது, கல் அதைச் சுரண்டிப் பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது கால், அதாவது ஸ்லைடரைச் சேஸோடு இணைக்கும் துண்டு. உங்கள் மூன்று கதவுத் தாருக்கு வீல்பேஸ் 2450 மி.மீ., ஒரு பக்கத்துக்கு மூன்று கால் போதும். ஐந்து கதவுத் தார் ராக்ஸ் என்றால் 2850 மி.மீ., நான்கு கால் கேட்பேன். ஒவ்வொரு காலும் சேஸைத் தொடும் இடத்தில் 8 மி.மீ. பிளேட், உள்ளங்கையை விடப் பெரிதாக இருக்கட்டும். காலுக்கும் பிளேட்டுக்கும் நடுவில் முக்கோணத் துண்டு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். அது இல்லாவிட்டால் முதல் பலமான அடியிலேயே வெல்டிங் ஓரத்தில் விரிசல் விடும்.

சேஸில் வெல்டிங் வைக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். சூட்டில் சேஸின் இரும்பு அந்த ஓரத்தில் கெடும், பூச்சு எரிந்து துருப்பிடிக்கும், வாரன்டி பேச்சும் அதோடு முடிந்தது. புதிதாக ஓட்டை போடுவதும் கூடாது. கம்பெனி விட்டிருக்கும் ஓட்டைகளைப் பயன்படுத்தியோ, சேஸை மேலும் கீழும் பிளேட்டால் அணைத்துப் பிடித்தோ 8.8 கிரேடு போல்ட்டால் மாட்டச் சொல்லுங்கள். போல்ட் தலையிலேயே 8.8 என்று பொறித்திருக்கும், பார்த்துவிட்டு மாட்டவிடுங்கள். இன்னொரு லாபம், ஸ்லைடர் வளைந்தால் கழற்றி நிமிர்த்தலாம். பிளேட்டுக்கும் சேஸுக்கும் நடுவில் பிரேக் பைப்போ டீசல் பைப்போ வயரோ நசுங்கவில்லை என்பதை உங்கள் கண்ணால் பார்த்துவிடுங்கள். வெல்டிங் முழுவதும் வண்டிக்கு வெளியே நடக்கட்டும். வண்டியில் வைத்து டேக் (பொட்டு பொட்டாகத் தற்காலிக வெல்டிங்) போட வேண்டிய கட்டாயம் வந்தால் பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிட்டுத்தான்.

ஸ்லைடருக்கும் ராக்கர் பேனலுக்கும் நடுவே ஒரு விரலாவது தாராளமாகப் போக வேண்டும். வண்டி முறுக்கும்போது பாடி ரப்பர் புஷ்ஷில் அசையும், ஸ்லைடர் சேஸோடு போகும். இடைவெளி இல்லாவிட்டால் இரண்டும் உரசிப் பெயின்ட் போகும், அடி நேராகத் தகட்டுக்கு ஏறும். அழகுக்காக ஒட்டி மாட்டித் தருகிறேன் என்பவரிடம் இதைச் சொல்லுங்கள். கால்களும் சேஸின் அடிமட்டத்துக்குக் கீழே தொங்கக் கூடாது. தாருக்குக் கம்பெனி சொல்லும் கிரவுண்ட் கிளியரன்ஸ் 226 மி.மீ. அதில் இரண்டு இன்ச்சைத் தொங்கவிட்டு இழந்தால், முன்பு இடிக்காத கல்லும் இடிக்க ஆரம்பிக்கும்.

இனி அம்மா விஷயம். முழு ஆஃப்ரோடு ஆட்கள் வெளிப் பைப்பைப் பத்து, இருபது டிகிரி மேல் நோக்கிச் சாய்த்து வைப்பார்கள். கிளியரன்ஸ் கூடும், சாய்வில் உரசும்போது கதவும் தப்பிக்கும். ஆனால் வயதானவர் ஈரக் காலோடு சாய்ந்த பைப்பில் மிதித்தால் வழுக்கும். உங்களுக்கு நான் சொல்வது சாய்வில்லாத ஸ்லைடர். உள் பைப்புக்கும் வெளிப் பைப்புக்கும் நடுவே வழுக்காதபடி புடைப்பு உள்ள செக்கர் பிளேட் வைத்து மூடச் சொல்லுங்கள். பிளேட்டில் நாலைந்து பெரிய ஓட்டை விடட்டும், சேறு தங்காது. அப்போதும் உயரம் அதிகம் என்று அம்மா சொன்னால், ஒரு சின்ன ஸ்டூலை வண்டியில் போட்டு வையுங்கள். படிக்காக ஸ்லைடரைத் தாழ்த்தாதீர்கள்.

பின் சக்கரத்துக்கு முன்னால் வெளிப் பைப்பைக் கொஞ்சம் வெளியே தள்ளிவிடும் ‘கிக் அவுட்’ கேட்டு வாங்குங்கள். நம் பக்கத்தில் தோப்பு வேலிக்குக் கருங்கல் கால் நட்டிருப்பார்கள், திருப்பத்தில் வண்டியின் இடுப்பைப் பதம் பார்ப்பது அதுதான். கிக் அவுட் கல்லில் பட்டால் வண்டியின் பின்பக்கத்தை வெளியே தள்ளிவிடும். ஆனால் மட்கார்டு அகலத்தைத் தாண்டி வெளியே நீட்டக் கூடாது. முன்னால் மாட்டும் கிராஷ் கார்டும் புல் பாரும் கூடாது என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைச் சொல்லித்தான். அந்தப் பிரிவு வண்டியை மாற்றி அமைப்பதைப் பற்றிப் பொதுவாகப் பேசுவது. கதவுக்கு அடியில் உள்ளடங்கி, கழற்றக்கூடியதாக இருப்பது ஒன்று, நடந்து போகிறவர் முட்டியில் இடிக்கும்படி நீட்டிக்கொண்டிருப்பது வேறு. மாட்டும் முன் ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஒரு வார்த்தை கேளுங்கள், மாட்டியதும் இன்ஷூரன்ஸ்காரருக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். இன்னொன்று, ஸ்லைடர் வந்த தைரியத்தில் காட்டுக்குள் வண்டியை இறக்க வேண்டாம். உங்கள் பக்கத்தில் காவேரி வடக்கு வன உயிரின சரணாலயம் இருக்கிறது. அங்கே அனுமதியில்லாமல் நுழைந்தாலே வழக்கு.

பெயின்ட் விஷயத்தில் பவுடர் கோட்டிங்கை நான் சிபாரிசு செய்வதில்லை. கல் பட்டுப் பெயர்ந்தால், பெயராத பகுதிக்கு அடியிலும் துரு ஊர்ந்து போகும், மேலே பூச்சு நன்றாக இருப்பது போலவே தெரியும். ப்ரைமர் அடித்து, மேலே கறுப்பு எனாமல் போதும். கீறல் விழுந்தால் வீட்டிலேயே பிரஷ்ஷால் பூசிக்கொள்ளலாம். பைப் முனைகளை மூடி முழுச் சுற்று வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள், அடியில் தண்ணீர் வடிய ஒரு சின்ன ஓட்டையும் இருக்கட்டும்.

மீதிப் பணத்தைக் கொடுக்கும் முன் ஒரு சோதனை. சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, ஆள் யாரும் அடியில் இல்லாமல், ஸ்லைடரின் நடுவில் மரக்கட்டை வைத்து ஜாக்கி ஏற்றச் சொல்லுங்கள். அந்தப் பக்க டயர்களின் பிதுக்கம் அடங்கும் வரை தூக்கட்டும். அந்த விரல் இடைவெளி அப்படியே இருக்கிறதா, கதவு பழையபடி திறந்து சாத்துகிறதா என்று பாருங்கள். இதற்குத் தயங்குகிற பட்டறையில் மாட்டவே மாட்டாதீர்கள். இருநூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லாப் போல்ட்டையும் ஒருமுறை முறுக்கிப் பார்க்க வேண்டும்.

இப்போது நசுங்கியிருக்கும் தகடு. ஸ்லைடர் மாட்டிய பிறகு அங்கே கை நுழையாது, அதனால் டிங்கர் வேலையை முதலில் முடித்துவிடுங்கள். வெறும் பட்டி வைத்துப் பள்ளத்தை நிரப்பிவிடுவார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். தகட்டை இழுத்து நிமிர்த்தச் சொல்லுங்கள். ராக்கர் பேனலுக்கு அடியில் தண்ணீர் வடிய கம்பெனி விட்டிருக்கும் சின்னத் துவாரங்கள் நசுங்கி மூடியிருந்தால் குத்தித் திறந்து, உள்ளே மெழுகு கலந்த துருத் தடுப்பு ஸ்பிரே அடித்துவிட்டு, ஒரு நாள் காய்ந்த பிறகு ஸ்லைடரை மாட்டுங்கள்.